பந்து உயரப் போனால் முன்காலைப் பாருங்கள்: இளம் குவாட்டர்பேக் பயிற்சி, அமெரிக்காவின் என்எஃப்எல் லீக்கும் கனடாவின் சிஎஃப்எல் லீக்கும்

முதல் பதிவு

கை பலம் அபாரம், ஆனால் எறிவது எல்லாம் ரிசீவர் (எறிந்த பந்தைப் பிடிக்க ஓடுபவர்) தலைக்கு மேலே. அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறியும் குவாட்டர்பேக்காக இப்படி ஒரு பையன் வந்தால் தோளைத் திருத்தப் போகாதீர்கள். முன்கால் அடி நீளமாக விழுகிறதா என்று பக்கவாட்டில் நின்று வீடியோ எடுங்கள். அடி நீண்டால் உடல் எடை பின்காலிலேயே தங்கும், இடுப்பு முழுசாகத் திரும்பாது, பந்து உயரும். பத்து யார்டு தள்ளி ஒருவரை நிறுத்தி, வழக்கமான காலடியில் பாதி மட்டும் முன்வைத்து எறிய வையுங்கள். அது பழகும்வரை நீண்ட எறிதல் வேண்டாம்.

அடுத்தது காலும் கண்ணும். ஐந்து காலடி பின்வாங்கினால், ஐந்தாவது அடி பதிந்ததும் முதல் ரிசீவருக்குப் பந்து போக வேண்டும். அவர் மறிக்கப்பட்டால் முன்னால் ஒரு சின்ன ஹிட்ச் (முன்னே வைக்கும் குட்டி அடி), இரண்டாமவர். இன்னொரு ஹிட்ச், மூன்றாமவர். கண் மாறும்போது காலும் மாறணும். பலர் கண்ணை மட்டும் நகர்த்திவிட்டுக் காலை மறந்துவிடுவதால்தான் மூன்றாவது எறிதல் கோணலாகிறது.

என்எஃப்எல் குவாட்டர்பேக் ஜோஷ் ஆலன் எறிந்ததில் ரிசீவர் கைக்குச் சேர்ந்தது 2018-இல் 52.8 சதவீதம், 2020-இல் 69.2. துல்லியம் பிறவிக்குணம் என்பவர்களுக்கு இதைக் காட்டுங்கள்.

மறுமொழி

நண்பரே, இந்த ஐந்தடிக் கணக்கு கனடாவில் அப்படியே செல்லாது. சிஎஃப்எல்லில் ரிசீவர்கள் ஸ்னாப்புக்கு (பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குவது) முன்பே, பந்து வைத்திருக்கும் கோட்டை நோக்கி ஓடி வரலாம். என்எஃப்எல்லில் ஸ்னாப் நேரத்தில் ஒருவர்தான் நகரலாம், அவரும் கோட்டை நோக்கி வரக்கூடாது. கனடிய ரிசீவர் கோட்டைத் தாண்டும்போதே முழு வேகத்தில் இருப்பார். அமெரிக்கப் பழக்கத்தில் எறிந்தால் பந்து அவர் முதுகுக்குப் பின்னால் விழும். ஸ்னாப் கேட்கும் நொடியை அந்த ஓட்டத்தோடு பொருத்துவதுதான் முதல் பாடம். முந்தினால் ஓட்டத்தின் பலன் போச்சு, பிந்தினால் ரிசீவர் ஸ்னாப்புக்கு முன்பே கோட்டைத் தாண்டி ஆஃப்சைடு.

கனடாவில் மைதான அகலம் 65 யார்டு, அமெரிக்காவில் 53 சொச்சம். தூர ஹாஷ் கோட்டிலிருந்து (பந்தை வைக்கக்கூடிய பக்கவாட்டு எல்லைக் குறி) எதிர் ஓரக்கோடு கனடாவில் 37 யார்டு, அமெரிக்காவில் சுமார் 30. அந்த ஏழு யார்டில் பந்து மிதக்கும்போது கார்னர்பேக் (ஓரத்தில் ரிசீவரை மறிக்கும் தடுப்பாளர்) பறித்துக்கொண்டு ஓடிவிடுவார்.

கனடாவில் டவுன் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் வாய்ப்பு) மூன்றுதான். முதல் எறிதல் வீணானால் அடுத்தது இரண்டாவது டவுன், பத்து யார்டு. அதுவும் போனால் பெரும்பாலும் பன்ட் (பந்தை எதிரணிக்கு உதைத்துவிடுவது). அதனால் முதல் டவுனில் ஐந்தாறு யார்டு எளிய எறிதலை மதிக்கக் கற்றுக்கொடுக்கணும். தடுப்பணி ஒரு யார்டு தள்ளி நிற்க வேண்டும் என்பதால் மூன்றாவது டவுனில் ஒரு யார்டு தேவையென்றால் பயப்படாமல் முட்டலாம்.

குவாட்டர்பேக் வாரன் மூனை 1978-இல் என்எஃப்எல் அணி எதுவும் டிராஃப்ட் (புதிய வீரர் தேர்வு) செய்யவில்லை. கனடாவின் எட்மன்டனில் தொடர்ந்து ஐந்து கிரே கோப்பை (சிஎஃப்எல் சாம்பியன் பட்டம்), பிறகு 1984-இல் என்எஃப்எல்லின் ஹூஸ்டன்.

இன்னொரு மறுமொழி

அமெரிக்கப் பக்கம் ஒன்று சேர்க்கிறேன். அடுத்த ஆட்டத்தைத் தொடங்க ஓடும் நாற்பது நொடிக் கடிகாரத்தில் 15 நொடி மிச்சம் இருக்கும்போது, பயிற்சியாளர் பேசும் ஹெல்மெட் ரேடியோ அணைந்துவிடும். ஹடிலில் (ஆட்டத்துக்கு முன் வீரர்கள் கூடும் வட்டம்) ஆட்டப் பெயரைத் தடுமாறிச் சொல்பவர் கோட்டுக்கு வரும்போது பயிற்சியாளர் குரல் இருக்காது. தடுப்பணியைத் தனியாகப் படிக்கணும். கான்சஸ் சிட்டி குவாட்டர்பேக் மஹோம்ஸ் 2017 முழுக்க மூத்தவர் அலெக்ஸ் ஸ்மித்தின் பின்னால் மாற்று வீரராக இருந்து, கடைசி ஆட்டத்தை மட்டும் தொடங்கினார். எல்லா அணிக்கும் அந்த அவகாசம் இருக்காது. பயிற்சியில் கடிகாரத்தை முப்பதிலிருந்து ஓடவிட்டு, அது 18-ஐத் தொடுவதற்குள் ஹடில் கலைய வேண்டும் என்று வையுங்கள். கலையாவிட்டால் அந்த ஆட்டம் ரத்து, அடுத்தவர் உள்ளே.