காம்பவுண்டுக்குள்ள காடை வந்திருக்கு, என்ன பண்றது? அவசரம்

கீதா_தாம்பரம்:
காலையிலேர்ந்து ஒரு காடை வாசல்ல சுத்துது. பறக்க மாட்டேங்குது. தெருநாய் கேட் பக்கத்துலயே நிக்குது. உடனே சொல்லுங்க ப்ளீஸ்.

கம்பங்காடு:
என்ன சைஸ்? நெஞ்சு எப்படி இருக்கு? காலில் எத்தனை விரல்? போட்டோ போடுங்க. வீட்டுல கோழி இருக்கா?

ஏரிக்கரை ராசு:
மழைக்காடைதான், காட்டுக்காடை. பக்கத்துல காலி மனையில புல் வெட்டியிருப்பாங்க, அங்கேர்ந்து வந்திருக்கும். தானா போயிடும், விடுங்க.

பறவைநோக்கன்:
ராசு, பார்க்காமலே பேர் வைக்காதீங்க. கீதா, "காடை"ன்னு மட்டும் எழுதினா யாரும் உதவ முடியாது, இது அடிப்படை. பின்விரல் இல்லாம மூணு விரல்னா குறுங்காடை, அது வேற குடும்பம். நெஞ்சு நடுவுல கறுப்புத் திட்டுன்னா ஆண் மழைக்காடை, 70 கிராம் தேறும். ரெண்டும் இல்லாம 150 கிராமுக்கு மேல தெரிஞ்சா பண்ணை ஜப்பானியக் காடை.

கீதா_தாம்பரம்:
நாலு விரல். புறாவைவிடச் சின்னது, ஆனா குண்டு. மேல்அலகு நுனி மொட்டையா இருக்கு. கிட்ட போனா நேரா மேலே எம்பி சன்ஷேடுல முட்டிக்குது. கோழி ரெண்டு இருக்கு, சொல்ல மறந்துட்டேன்.

கூண்டுக்காரர்:
அலகு வெட்டியிருந்தா பண்ணைதான். துரத்தாதீங்க. இப்படி எம்பி மண்டையை உடைச்சுக்கும்னுதான் பண்ணையில கூண்டையே ஒரு அடிக்கும் குறைவான உயரத்துல வைக்கிறது. இருட்டினதும் சுவர் மூலைக்கு ஒதுக்கி, மேலே பழைய துண்டைப் போட்டு, இறக்கையைச் சேர்த்து ரெண்டு கையாலயும் அணைச்சுத் தூக்குங்க. காலைப் பிடிச்சுத் தூக்கினா முறிஞ்சிடும். அட்டைப்பெட்டியில பக்கவாட்டுல துளை போட்டு, அடியில சாக்கு விரிங்க. நியூஸ்பேப்பர் வழுக்கும். கோழிக்குஞ்சு ஸ்டார்ட்டர் தீவனம் ஒரு நாளைக்கு 25 கிராம் போதும். இன்னிக்குக் கிடைக்கலைன்னா கம்பு போடுங்க. அரிசிக்குருணையிலேயே ஓட்டாதீங்க, புரதம் பத்தாது.

கம்பங்காடு:
கோழிகிட்ட 15 நாள் அண்ட விடாதீங்க. தண்ணித் தட்டும் தனியா. வெள்ளைக்கழிச்சல் நோய் எச்சத்துலயும் தட்டுலயும் பரவும்.

ஏரிக்கரை ராசு:
அடைச்சு வைக்கிறது பாவம். ஏரிப்பக்கம் விட்டா புண்ணியமாவது சேரும்.

கூண்டுக்காரர்:
அண்ணே, அதுல புண்ணியமே இல்ல. 1974-ல கலிபோர்னியாவிலேர்ந்து உத்தரப்பிரதேசத்து இசத்நகர் ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்த இனம் இது. தலைமுறை தலைமுறையா கூண்டுலயே வளர்ந்தது, பதுங்கத் தெரியாது, பெரும்பாலும் அடைகூடக் காக்காது. கீரிக்கும் காக்காவுக்கும் இரையாகும்.

பறவைநோக்கன்:
பிழைச்சாலும் கெடுதல்தான். ஐரோப்பாவுல வேட்டைக்குன்னு விட்ட பண்ணைக் காடைகள் அங்கத்திய காட்டுக்காடையோட கலந்து இனத்தையே குழப்பிடுச்சு.

ஏரிக்கரை ராசு:
அப்ப வீட்டுல வெச்சா கேஸ் ஆகாதா?

பறவைநோக்கன்:
காட்டுக்காடையைப் பிடிச்சாதான் 1972 வனவிலங்குச் சட்டம் பாயும். விரலையும் நெஞ்சையும் முதல்ல கேட்டது அதுக்குத்தான்.

கீதா_தாம்பரம்:
பிடிச்சாச்சு, பெட்டியில இருக்கு. நெஞ்செல்லாம் கறுப்புப் புள்ளி. சாயங்காலம் ஒரு முட்டை போட்டிருக்கு. நன்றி.

கூண்டுக்காரர்:
நெஞ்சுல புள்ளின்னா பெட்டைதான். முட்டை போடறதால ஒரு சிட்டிகை கிளிஞ்சல் தூளைத் தீவனத்துல கலந்துடுங்க, இல்லேன்னா ஓடு கெட்டியாகாத தோல்முட்டை வரும். பக்கத்துல எந்தக் கடையில காடைக் கூண்டு இருக்குன்னும் விசாரிங்க, இது ஒண்ணு மட்டும் தப்பிச்சிருக்காது.