‘பர்ஜ்’ கட்டளைக்குத் தமிழ்ச் சொல்: ‘அறநீக்கு’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

தருமபுரி பேருந்து நிலையத்தைச் சுற்றிப் பொதுக் கணினி வைத்திருக்கும் கடைக்காரர்களுக்காக லினக்ஸ் பராமரிப்புக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறேன். டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகள் இரண்டிலும் ஒரு மென்பொருள் பொதியை எடுக்க இரு கட்டளைகள் உண்டு. ‘ரிமூவ்’ நிரலை எடுத்துவிட்டு, ‘இடிசி’ கோப்புறையில் இருக்கும் அமைவுக் கோப்புகளை (நிரல் எப்படி இயங்க வேண்டும் என்று குறித்துவைத்தவை) விட்டுவைக்கும். ‘பர்ஜ்’ அவற்றையும் சேர்த்து எடுக்கும். முன்னதற்கு ‘நீக்கு’ போதும். பின்னதற்கு ‘அறநீக்கு’ என்று வைக்கலாமா? ‘அற’ என்றால் அடியோடு.

தருமபுரியிலிருந்து

-----

ஐயா, வணக்கம்.

அதைப் பெயர்ச்சொல்லாக்கி ‘அறநீக்கம்’ என்று எழுதிப் பாருங்கள். அறத்தை நீக்குவதாக அல்லவா படிக்கிறது! ‘அறநீக்கம் செய்யவா?’ என்று கணினி கேட்டால் நம் கடைக்காரர் ‘இல்லை’யைத்தான் அழுத்துவார். ‘வேரறு’ என்றாலோ ‘ரூட்’ (வேர்) என்ற நிர்வாகிக் கணக்குக்கு ஆபத்து என்று யாராவது பதறக்கூடும். பேசாமல் ‘முழுநீக்கம்’ என்று வைத்துவிடுங்கள்.

கிருஷ்ணகிரியிலிருந்து

-----

இருவருக்கும் வணக்கம்.

‘முழுநீக்கம்’ வாய்க்கு எளிதாக இருக்கிறது, ஆனால் பொய் சொல்கிறது. டெபியனில் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியைப் ‘பர்ஜ்’ செய்தாலும் பயனரின் இல்லக் கோப்புறைக்குள் (‘ஹோம்’) அந்தக் கட்டளை கை வைப்பதில்லை. புள்ளியில் தொடங்கும் பெயரோடு அங்கே ஒளிந்திருக்கும் கோப்புறையில் சேமித்த கடவுச்சொல், உலாவல் வரலாறு எல்லாம் அப்படியே இருக்கும். அதே கணக்கில் உலாவியைத் திரும்ப நிறுவினால் எழுந்து வந்துவிடும். பட்டா நகலுக்கும் ஓய்வூதிய விண்ணப்பத்துக்கும் ஊரே வந்துபோகும் கணினி அது. ‘முழுநீக்கம் முடிந்தது’ என்று திரையில் படித்தவர் அதற்குமேல் எதையும் தேடுவாரா?

நீக்கிய பிறகு என்ன மிஞ்சுகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். எங்கள் கடையில் அச்சு மென்பொருளை ‘ரிமூவ்’ செய்து, மீண்டும் நிறுவினோம். எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்ட அச்சுப்பொறியின் பெயர் பட்டியலில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. பொதிகளின் நிலையைக் காட்டும் ‘டிபிகேஜி’ பட்டியலில் அத்தகைய பொதியின் வரி ‘ஆர்’, ‘சி’ என்ற இரண்டு எழுத்தில் தொடங்கும். நீக்கச் சொல்லியாயிற்று, அமைவுக் கோப்புகள் மட்டும் இருக்கின்றன என்று பொருள். (வேலை செய்யும் பையன் வண்டியின் ஆர்.சி. என்றே நினைத்துவிட்டான்.) இப்படி மிஞ்சுவதை ‘அமைவெச்சம்’ என்கிறேன். இல்லக் கோப்புறையில் தங்குவது ‘பயனரெச்சம்’. ‘பர்ஜ்’ முதலாவதை மட்டுமே எடுப்பதால் அதற்கு ‘அமைவோடு நீக்கு’ என்று பெயர் வைக்கலாம். ஏற்கெனவே ‘ரிமூவ்’ செய்த பொதிமேல் பிறகு ஒருநாள் ‘பர்ஜ்’ கொடுத்தாலும் அமைவெச்சம் போய்விடும் என்பதையும் கையேட்டில் எழுதுங்கள்.

ஊற்றங்கரையிலிருந்து

-----

‘எச்சம்’ என்றதும் காக்கை நினைவுக்கு வருகிறதே? ‘மிச்சம்’ ஆகாதா?

கிருஷ்ணகிரியிலிருந்து

-----

பெயரெச்சம், வினையெச்சம் படிக்காமல் நம்மில் யாரும் பத்தாம் வகுப்பைத் தாண்டவில்லை, காக்கையைப் பார்த்துக்கொள்ளலாம். ‘மிச்சம்’ என்றால் சேமிப்பு என்றும் தொனிக்கும், கடைக்காரருக்கு அதை அழிக்க மனம் வராது. ‘அமைவோடு நீக்கு’ இரண்டு சொல்லாக நீண்டாலும் செய்வதை அப்படியே சொல்கிறது. அதையே எடுத்துக்கொள்கிறேன். கையேட்டுப் பத்தி இப்போது இப்படி இருக்கிறது:

“பொதியை அமைவோடு நீக்கினாலும் பயனரெச்சம் போகாது. வாடிக்கையாளர்களுக்கென்று தனிக் கணக்கு ஒன்றை உருவாக்கி, உங்கள் சொந்தக் கோப்புகள் எதையும் அதில் வைக்காதீர்கள். அந்தக் கணக்கை நீக்கும்போது இல்லக் கோப்புறையையும் சேர்த்து நீக்கும் விருப்பத்தைக் கொடுங்கள். பிறகு அதே பெயரில் புதிய கணக்கு தொடங்குங்கள்.”

தருமபுரியிலிருந்து