புதுப்பிப்பு: பழுதான ஜூனோ-106-ஐ வாங்கிவிட்டேன்

ஒரு குரல் (ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய ஆறு சுரங்களில் ஒன்றை உருவாக்கும் பகுதி) வேலை செய்யாத ரோலண்ட் ஜூனோ-106 சிந்தசைசருக்கு என்ன விலை கொடுக்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

நேரில் போய்ப் பார்த்தேன். கீ டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே ஆன் செய்தால் சோதனை முறைக்குப் போகும். கட்டையை அழுத்த அழுத்த, எந்தக் குரல் ஒலிக்கிறது என்று திரையில் எண் காட்டும். நான்காவதில் சத்தமே இல்லை. இரண்டாவதில் கரகரப்பு.

1984-இல் வந்த கருவி. குரலுக்கு ஒன்றாக இருக்கும் 80017ஏ சிப்புகள் இப்படிக் கெடுவது இதில் சகஜம், மீதியும் என்றைக்காவது போகும். அதனால் ஆறு சிப்புக்கும் மாற்று விலை, கூடவே ரிப்பேர் கூலி, இரண்டையும் நல்ல நிலையில் உள்ளதன் விலையிலிருந்து கழித்துக் கேட்டேன். ஸ்லைடர்கள் அருமையாக இருந்தன, அதற்குமேல் பேரம் பேச மனசு வரவில்லை. விற்பவரும் ஒத்துக்கொண்டார்.

பழைய சிப்பை அசிட்டோனில் ஊறவைத்து, அதன் மேல்பூச்சை உரித்துச் சரிசெய்யலாம் என்று பதில்களில் வந்த யோசனை நல்லதுதான், ஆனால் அதை நம்பி விலையை ஏற்ற முடியாது. புது சிப்புகளுக்கு ஆர்டர் போட்டாச்சு.