சுமாரான பெறுபேறு, வெளி மாகாணத்தில் எங்கே படிக்கலாம்?

விசுவமடுப் பொடியன்:
உயர்தரம் வர்த்தகப் பிரிவில் 2 சி, 1 எஸ். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி காணாது. கொழும்பில் தனியார் பட்டப்படிப்புக்குத் தவணை முறையில் காசு கட்டலாம் என்கிறார்கள். அம்மா தாலிக்கொடியை அடகு வைக்கவும் ஆயத்தம். எனக்கு மனம் வரவில்லை. செலவு குறைவாகக் கணக்கியல் படிக்க வழி உண்டா?

மாங்குளம் அக்கா:
தம்பி, தாலிக்கொடியில் கை வைக்க விடாதீர்கள். மூன்று பாடமும் சித்திதானே, எச்.என்.டி.ஏ.க்கு, அதாவது கணக்கியல் உயர் தேசிய டிப்ளோமாவுக்கு, விண்ணப்பியுங்கள். அதைப் படிப்பிக்கும் அரசாங்கத்தின் உயர் தொழில்நுட்பவியல் நிறுவனம் திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் இருக்கிறது. முழுநேரத்துக்குக் கற்கைக் கட்டணம் இல்லை. நான்கு வருடம்.

நான் திருகோணமலையில்தான் படித்தேன். செலவென்றால் அறை வாடகையும் சாப்பாடும்தான். மூன்று பேர் சேர்ந்து ஒரு அறை எடுத்து, வீட்டு அரிசி, மிளகாய்த்தூள், கருவாடு கொண்டுபோய்ச் சமைத்தோம். கடைச்சாப்பாடு எடுத்தவர்களுக்கு மாதக் கடைசியில் கையைக் கடிக்கும். படிப்பு ஆங்கிலத்தில். தொடக்கத்தில் விரிவுரை பாதிதான் விளங்கும், இப்போதே ஆங்கில வகுப்புக்குப் போங்கள்.

முறிகண்டி அண்ணா:
கணக்கியல்தான் என்றில்லாவிட்டால் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிற ஜேர்மன் டெக் தொழிற்பயிற்சி நிறுவனத்தையும் பாருங்கள். என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) 5ஆம் மட்டம் முடித்தால் இரத்மலானையில் இருக்கிற யுனிவொடெக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கலாம்.

விசுவமடுப் பொடியன்:
நன்றி அண்ணா. அக்கா, மட்டக்களப்பில் பெரியம்மா வீடு இருக்கிறது. அதையே முதல் தெரிவாகப் போடவா?

மாங்குளம் அக்கா:
வேறென்ன யோசனை, போடுங்கள். வாடகை மிச்சம். விண்ணப்ப முடிவுத் திகதியை மட்டும் தவறவிடாதீர்கள்.