காட்டுப் புகையிலையில் தேமல்: சோதனைப் பட்டை டிஎம்வி என்கிறது, சோதனைச் செடி ஒத்துக்கொள்ளவில்லை. உதவி தேவை

தேமல்தேடி:
வணக்கம். தானாக முளைத்துக் கிடக்கும் நிக்கோட்டியானா கிளாக்கா செடிகளில் (மஞ்சள் குழல் பூ, சாம்பல் பூத்த இலை, ஆளுயரத்தைத் தாண்டும் காட்டுப் புகையிலை) இளம் இலைகளில் வெளிர்பச்சையும் கரும்பச்சையும் திட்டுத் திட்டாக இருக்கின்றன. டிஎம்வி, அதாவது புகையிலைத் தேமல் வைரஸுக்கான சோதனைப் பட்டையை வைத்துப் பார்த்தேன். இரண்டு கோடும் அழுத்தமாக விழுந்தன. சரி, வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

உறுதி செய்துகொள்ள, இலைச்சாற்றைக் கார்போரண்டம் தூளோடு (இலையில் நுண்கீறல் போடும் சொரசொரப்பான தூள்) மூன்று புகையிலை இனங்களில் தடவினேன்: சாதாரணப் புகையிலை, குளூட்டினோசா, சில்வெஸ்ட்ரிஸ். சாதாரணப் புகையிலையில் மென்மையான பச்சைத் தேமல் மட்டும் வந்தது. இலை சுருங்கவில்லை, கொப்பளிக்கவில்லை. குளூட்டினோசாவில் சில நாளிலேயே தடவிய இலையில் கருகல் புள்ளிகள். இதுவரை சரி. ஆனால் சில்வெஸ்ட்ரிஸிலும் அதே கருகல் புள்ளிகள்தான்! மூன்று வாரமாகியும் மேல் இலைகள் சுத்தமாக இருக்கின்றன. டிஎம்வி என்றால் சில்வெஸ்ட்ரிஸ் முழுவதும் தேமல் பரவ வேண்டும் என்றுதான் படித்திருக்கிறேன். இரண்டு முறை செய்தும் இதே முடிவு. எங்கே தவறு செய்கிறேன்?

சாறுபிழி:
அசுவினி இருந்ததா? வெள்ளரித் தேமல் வைரஸும் புகையிலையில் இப்படித்தான் திட்டுப் போடும். கலப்புத் தொற்றாக இருக்கலாம். எலக்ட்ரான் நுண்ணோக்கி வசதி இருந்தால் பாருங்கள்.

தேமல்தேடி:
அசுவினி கண்ணில் படவில்லை. நுண்ணோக்கிப் படம் இன்று கிடைத்தது. நேரான குச்சிகள், முழுதாக இருப்பவை சுமார் 300 நானோமீட்டர் நீளம். அவற்றுக்கு நடுவே குட்டிக் குட்டி உருண்டைகளும் இருக்கின்றன. அப்படியானால் சாறுபிழி சொன்னதுதானா?

பசுமைக்குடில்காரர்:
அவசரப்படாதீர்கள். இரண்டு விஷயம் சொல்லுங்கள். உருண்டையின் விட்டம் எவ்வளவு? குடிலில் வெப்பம் எவ்வளவு? 28 டிகிரியைத் தாண்டினால் குளூட்டினோசாவில் வைரஸைத் தடுக்கும் 'N' என்ற மரபணு செயலிழந்துவிடும். புள்ளியோடு நிற்க வேண்டிய வைரஸ் செடி முழுக்கப் பரவும். அப்புறம் எந்த முடிவையும் நம்ப முடியாது.

தேமல்தேடி:
வெப்பம் 24 டிகிரிதான், தாண்டவில்லை. உருண்டை 17 நானோமீட்டர் அளவு.

பசுமைக்குடில்காரர்:
அப்படியானால் உங்கள் கையில் தவறே இல்லை. வைரஸின் பெயர்தான் தவறு.

வெள்ளரித் தேமல் வைரஸ் 29 நானோமீட்டர் உருண்டை, அதை விட்டுவிடுங்கள். உங்களிடம் இருப்பது டிஎம்ஜிஎம்வி, மென்பச்சைத் தேமல் வைரஸ் என்று நினைக்கிறேன். டிஎம்வியின் நெருங்கிய உறவு. ஒரு காலத்தில் இதை யு2, யு5 என்று டிஎம்வியின் மென்மையான வகைகளாகவே எண்ணியிருந்தார்கள். 1929இல் மெக்கின்னி என்ற தாவர நோய் ஆய்வாளர் இதைப் பற்றி எழுதியதும் கனேரித் தீவுகளின் கிளாக்கா செடிகளிலிருந்துதான். நுண்ணோக்கியில் இரண்டும் ஒரே உருவம்: 300க்கு 18 நானோமீட்டர் குச்சி. மரபணுத் தொடரும் கிட்டத்தட்ட ஒரே நீளம், டிஎம்வி 6,395 எழுத்து, இது 6,355. வைரஸின் மேலுறையான உறைப்புரதம் இரண்டிலும் 158 அமினோ அமிலம். சோதனைப் பட்டையில் உள்ள எதிர்ப்பொருள் இந்த உறையைப் பிடித்துத்தான் கோடு போடுகிறது. சொந்தக்காரனையும் சேர்த்துப் பிடித்துவிடும். "டிஎம்வி உண்டு" என்று பட்டை சொன்னால், "அந்தக் குடும்பத்தில் ஒருவர் உண்டு" என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

குளூட்டினோசா இரண்டுக்கும் புள்ளி போடும், பிரித்துக் காட்டாது. பிரித்துக் காட்டுவது சில்வெஸ்ட்ரிஸ்தான். அதிலுள்ள மரபணு சாதாரண டிஎம்வியின் உறையை அடையாளம் காணாமல் உள்ளே விட்டுவிடுகிறது. மென்பச்சை வைரஸின் உறையைக் கண்டதும் அந்த இடத்திலேயே செல்களைச் சாகடித்து வழியை அடைக்கிறது. நீங்கள் பார்த்தது அதைத்தான்.

உருண்டைகள் துணை வைரஸ், எஸ்டிஎம்வி. 1980களில் கலிபோர்னியாவில், இதே கிளாக்காவில் கண்டுபிடித்தது. சுமார் 1,060 எழுத்து ஆர்என்ஏ, உறைப்புரதம் தானே செய்துகொள்ளும். ஆனால் பெருகக் குச்சி வைரஸின் தயவு வேண்டும். (இவ்வளவு சின்னதாக இருப்பதால் 2006இல் முழு வைரஸையும் அணு அணுவாகக் கணினியில் அசைத்துப் பார்த்தார்கள். சுற்றியுள்ள நீரையும் சேர்த்துச் சுமார் பத்து லட்சம் அணுக்கள்!)

சாறுபிழி:
அசுவினி பேச்சை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் இரண்டு குச்சி வைரஸும் கலந்திருக்கலாமே?

பசுமைக்குடில்காரர்:
நல்ல கேள்வி. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 1899 முதல் 1993 வரை சேகரித்த உலர்ந்த கிளாக்கா மாதிரிகளை ஆராய்ந்து 1997இல் ஒரு கட்டுரை வந்தது. 1950க்கு முந்தைய மாதிரிகளில் டிஎம்வி இருந்தது, பலவற்றில் இரண்டும் சேர்ந்தே இருந்தன. பிந்தையவற்றில் மென்பச்சை வைரஸ் மட்டும்தான். இரண்டையும் சேர்த்துத் தொற்றச் செய்தபோது டிஎம்வியின் அளவு பத்தில் ஒன்றாகச் சுருங்கியது. மற்றது குறையவே இல்லை. அதனால் கலப்பில் டிஎம்வி பதுங்கியிருக்க இடமுண்டு.

செய்ய வேண்டியது எளிது. சில்வெஸ்ட்ரிஸின் சுத்தமான மேல் இலையைப் பறித்து, சாறு பிழிந்து குளூட்டினோசாவில் தடவுங்கள். டிஎம்வி மேலே ஏறியிருந்தால் புள்ளி விழும். ஒப்பிட்டுப் பார்க்க, வெறும் பஃபர் (வைரஸ் கலக்காத கரைசல்) தடவிய செடியும் இருக்கட்டும். ஆனால் அதை வேறு தட்டில் வையுங்கள், இந்த வைரஸ் கையிலும் கத்தரியிலும் தொற்றும்.

தேமல்தேடி:
எட்டு நாள் கழித்து எழுதுகிறேன். மேல் இலைச்சாறு தடவிய குளூட்டினோசா ஆறிலும் ஒரு புள்ளிகூட இல்லை. மூல இலைச்சாறு தடவியவற்றில் எண்ண முடியாத அளவு. இந்தக் குடும்பத்துக்குப் பொதுவான பிரைமரில் (மரபணுத் துண்டைப் பெருக்க உதவும் சிறு தொடர்) எடுத்த துண்டின் வரிசையும் வந்துவிட்டது, டிஎம்ஜிஎம்வியோடுதான் பொருந்துகிறது. நன்றி சார்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் தடவை வெறும் பஃபர் தடவிய புகையிலையிலும் தேமல் வந்தது. வெட்கப்பட்டு எழுதாமல் விட்டேன். எல்லாச் செடியும் ஒரே தட்டில், ஒரே கையுறையில்.

பசுமைக்குடில்காரர்:
அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்! தட்டுகளை டிரைசோடியம் பாஸ்பேட் கரைசலில் ஊறப்போடுங்கள், கையுறையைச் செடிக்குச் செடி மாற்றுங்கள். துணை வைரஸ் இல்லாத மாதிரி வேண்டுமென்றால், சாற்றை நன்றாக நீர்த்துத் தடவி, தனியாக விழுந்த ஒரே ஒரு புள்ளியை வெட்டியெடுத்து மீண்டும் தடவுங்கள். இதையே மூன்று சுற்று செய்துவிட்டு நுண்ணோக்கியில் பாருங்கள்.