பெத்தாவின் பேணிக்குள் இருந்த வெள்ளிக்காசுகள்: அசலா, என்ன தரம்?

கல்லடி_வெயில்:
வணக்கம் எல்லோருக்கும். பெத்தாவின் (பாட்டியின்) 31ஆம் நாள் முடிந்த மறுகா அவருடைய பெட்டகத்தைத் துப்புரவாக்கினோம். அடியில் ஒரு பால்மாப் பேணி, அதற்குள் மஞ்சள் சீலையில் முடிந்த 14 காசுகள். சுனாமியில் வீடு போனபோது இந்தப் பேணியை மூன்றாம் நாள் சேற்றுக்குள் இருந்துதான் எடுத்தார்கள் என்று அம்மா சொல்கிறா. அதனால் சில காசுகள் கறுத்தும், சில சாம்பல் நிறத்தில் பொருக்குப் பிடித்த மாதிரியும் கிடக்கின்றன.

இருப்பது: விக்டோரியா ஒரு ரூபா 1840 ஒன்று, 1862 மூன்று. எட்வர்ட் 1907 இரண்டு. ஐந்தாம் ஜோர்ஜ் 1911 ஒன்று, 1918 மூன்று. புலிப்படம் போட்ட 1947 ரூபா ஒன்று (சண்டைக் காலத்தில் செக்பொயின்டுக்குப் பயந்து பெத்தா இதை மட்டும் அரிசிப் பானைக்குள் போட்டு வைத்திருந்தாவாம்). இலங்கை ஐம்பது சதம் 1893, 1942. கடைசியாக 1957 ஐந்து ரூபா.

காந்தம் வைத்துப் பார்த்தேன், புலிக்காசு மட்டும் ஒட்டுகிறது. அப்போ அது போலியா? மாமா யூடியூபில் பார்த்துவிட்டு 1840 காசு லட்சக்கணக்கில் போகும் என்று நிற்கிறார். நகைக்கடை ஒன்றுக்குக் கொண்டுபோனால் "எல்லாம் ஒரே வெள்ளிதான், நிறைக்குத் தாறன்" என்று சொல்லி, என்னைக் கேட்காமலே ஒரு 1918 காசின் விளிம்பில் அரத்தால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டார். இன்னும் நெஞ்சு எரிகிறது. 1862 இரண்டை நானே புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன், பளபளவென்று வந்தது. அம்மா மூன்று பிள்ளைகளுக்கும் பங்கிட வேண்டும் என்கிறா. எதை வைத்துப் பங்கிடுவது?

பழங்காசுப்_பைத்தியம்:
தம்பி, கடைக்காரர் அரம் போட்டது ஒரு காசில், நீங்கள் புளி போட்டது இரண்டு காசில். கோபிக்க வேண்டாம், சேதத்தில் நீங்கள்தான் முன்னுக்கு நிற்கிறீர்கள். தேய்த்தால் பளபளப்பு வரும், ஆனால் அது அச்சடித்தபோது வந்த ஒளி இல்லை. நல்ல காசைச் சாய்த்துத் திருப்பினால் வெளிச்சம் சில்லுச் சுற்றுவது போல ஓடும், தேய்த்த காசில் ஒரு இடமும் ஓடாது, லென்ஸில் மயிரளவு கீறல்கள்தான் தெரியும். சேகரிப்பவர்கள் வாங்குகிற விலை அந்த இடத்திலேயே விழுந்துவிடும்.

புலிக்காசு அசல்தான், ஒட்டத்தான் வேண்டும். 1947 ரூபா நிக்கலில் அடித்தது, வெள்ளி ஒரு துளியும் இல்லை. "எல்லாம் ஒரே வெள்ளி" என்ற கதைக்கு இது ஒன்றே பதில். மற்ற ரூபாக்கள் 11.66 கிராம், நூற்றுக்கு 91.7 வெள்ளி, அதாவது ஒரு காசுக்குள் 10.69 கிராம் சுத்த வெள்ளி. 1893 ஐம்பது சதம் 5.83 கிராம், 80 வீதம். உங்கள் 1942 காசில் அது 55 வீதம்தான். 1957 புத்த ஜயந்திக் காசு 28.28 கிராம், 92.5 வீதம். நிறைக்கே விற்றாலும் ஒரே கணக்கில் கொடுத்தால் நட்டம் உங்களுக்குத்தான்.

1840 பற்றி மாமாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அந்த ஆண்டைப் போட்டபடியே 1862 வரை அடித்தார்கள், பிறகு 1862 என்று போட்டு 1874 வரை அடித்தார்கள். ஆகவே பழைய ஆண்டு என்பதால் மட்டும் அரிதாகிவிடாது. 1862இன் பின்பக்கத்தில் ஆண்டுக்குக் கீழேயும் "ஒன்" என்ற சொல்லுக்கு மேலேயும் சின்னப் புள்ளிகள் இருக்கும், அவற்றை எண்ணி வையுங்கள், சேகரிப்பவர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

எனக்குக் கை அரிப்பது உங்கள் 1911இல். அந்த ஆண்டு ராஜாவின் அங்கியில் இருந்த யானைக்குத் தும்பிக்கை கட்டையாகப் போய்ப் பார்க்கப் பன்றி மாதிரி இருந்ததால் இந்தியாவில் பெரிய எதிர்ப்பு, காசைத் திருப்பி எடுத்து 1912இல் யானையைத் திருத்தினார்கள். "பன்றி ரூபா" என்று பெயரே விழுந்துவிட்டது. 1917, 1919இன் கடைசி எண்ணைச் சுரண்டி 1911 ஆக்கி விற்கிற வேலையும் நடக்கிறது. கண்டுபிடிப்பது லேசு: ஆண்டு 1911, தும்பிக்கை நீளம் என்றால் யாரோ கைவேலை செய்திருக்கிறார்.

கல்முனை_நானா:
வாப்பா காலத்திலிருந்து பட்டறை வைத்திருக்கிறோம், அதனால் சோதனை முறை மட்டும் சொல்கிறேன். உரைகல்லில் உரைத்தால் மேல்தோலைத்தான் சொல்லும், முலாம் தடிப்பாக இருந்தால் கல்லும் ஏமாறும். 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று வாங்குங்கள். முதலில் காசை நிறுங்கள். பிறகு தராசில் தண்ணீர்க் கிளாஸை வைத்துப் பூச்சியமாக்கி, காசை நூலில் கட்டி அடியிலும் பக்கத்திலும் முட்டாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். நல்ல ரூபா என்றால் ஏறத்தாழ 1.13 காட்டும். காசின் நிறையை அதனால் வகுத்தால் 10.3க்குப் பக்கத்தில் வரவேண்டும். பித்தளை என்றால் 8.5 சொச்சம்தான்.

விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். வார்ப்புப் போலியில் அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த பொருத்துக்கோடு ஓடும், எழுத்துகள் தேய்ந்த சவர்க்காரம் மாதிரி மொழுமொழுவென்றிருக்கும், ஊசித் துவாரங்கள் தெரியும். மேலே 12 மணி இடத்தில் காசுமாலைக்கு வளையம் பற்றவைக்கப் பொடி வைத்து ஊதிய தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இருந்தால் எவ்வளவு அரிய காசானாலும் பாதி விலை போச்சு.

சாம்பல் பொருக்கு உப்புத் தண்ணீரோடு வெள்ளி சேர்ந்து வந்தது, சுரண்டினால் அடியில் குழி விழும். பற்றரிக்கு ஊற்ற விற்கிற வடித்த தண்ணீரில் (அசிட் இல்லை, போத்தலை வாசித்து வாங்குங்கள்) இரண்டு நாள் ஊறப்போட்டு, உலர்த்தி, அப்படியே விட்டுவிடுங்கள்.

கல்லடி_வெயில்:
நானா, மிச்சம் நன்றி. 1911இன் தும்பிக்கை கட்டைதான்! ஆனால் மேலே நீங்கள் சொன்ன தடமும் இருக்கிறது, பெத்தாவின் தாய் காசுமாலை போட்டிருந்தவ என்று அம்மா இப்போதுதான் சொல்கிறா. தரம் பார்ப்பதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே?

பழங்காசுப்_பைத்தியம்:
உயரமான இடங்கள்தான் முதலில் தேயும். விக்டோரியாவில் காதைச் சுற்றிய முடியும் கிரீடமும், ஜோர்ஜில் மீசை, காது, அங்கி யானை. முடி இழை இழையாகத் தெரிந்தால் எக்ஸ்ட்ரீம்லி ஃபைன், ஒட்டிப்போய் ஆனாலும் முக்கியமானவை தெரிந்தால் வெரி ஃபைன், வெறும் உருவக்கோடு மட்டும் என்றால் ஃபைன் அல்லது அதற்கும் கீழே. நம் ஆட்கள் எல்லாக் காசையும் ஒரு படி தூக்கித்தான் சொல்வார்கள், நீங்கள் ஒரு படி இறக்கிச் சொல்லிப் பழகுங்கள். பற்றவைத்த காசுக்குத் தரமே போடமாட்டார்கள், "சேதம்" என்று எழுதிவிடுவார்கள். பிசிஜிஎஸ், என்ஜிசி என்ற காசுக்குத் தரம் போடும் வெளிநாட்டுக் கம்பனிகளுக்கு அனுப்புவதெல்லாம் இந்தப் பேணிக்குக் கட்டுப்படியாகாது.

கல்லடி_வெயில்:
தராசு வாங்கி எல்லாவற்றையும் நிறுத்துவிட்டேன். ஒன்று சறுக்கிவிட்டது: ஒரு 1918 வெறும் 10.1 கிராம், தண்ணீரில் 1.19, வகுத்தால் 8.5. விளிம்பில் பொருத்தும் ஓடுகிறது. வேடிக்கை என்னவென்றால், கடைக்காரர் அரம் போட்டது அதன் பக்கத்தில் இருந்த நல்ல காசில், இதைக் கையில் எடுத்து "இது சுத்த வெள்ளி" என்றவர். யாரோ அந்தக் காலத்திலேயே வீட்டாரை ஏமாற்றியிருக்கிறார்கள், ஒருவேளை நெல் விற்ற காசாக இருக்கலாம். போலியைத் தனக்குத் தரச்சொல்லி அம்மா எடுத்துவிட்டா. மிச்சத்தை வெள்ளிக் கணக்கில் மூன்றாகப் பிரித்தாயிற்று, 1911 யாருக்கு என்பதில்தான் மாமா இன்னும் பிடி கொடுக்கவில்லை.