பொத்தேகாவுக்கு என்ன போடலாம்? கலைக்கூடமா பட்டறையா

> லியோனார்டோ டா வின்சி கட்டுரையில பொத்தேகான்னு (ஓவியர், சிற்பிங்க வேலை பாத்த இடத்துக்கு இத்தாலியச் சொல்லு) நாலஞ்சு இடத்துல வருது அண்ணா, தமிழ்ல "கலைக்கூடம்"னு போட்டுரலாமா? இல்ல "குருகுலம்"?

தம்பி, ரெண்டும் வேண்டாம்னு தோணுது. கலைக்கூடம்னதும் ஏசி ஹாலு, செவுத்துல ஃபிரேமு, "தொடாதீர்கள்"னு ஒரு போர்டு, இதான் கண்ணுல வருது. குருகுலம்னா கேக்கவே வேணாம், மரத்தடி, தாடி. 15ஆம் நூற்றாண்டு ஃபுளோரன்ஸ்ல பொத்தேகாங்கறது கடை. ஆர்டர் வரும், ஒப்பந்தம் எழுதுவாங்க, கெடு இருக்கும். லியோனார்டோ தொழில் பழகுன மாஸ்டர் வெரோக்கியோகிட்ட கோயில் பலிபீடத்துக்குப் படமும் கேக்கலாம், ஊரை ஆட்டிவச்ச மெதிச்சி குடும்பத்துக் கல்லறைக்கு வெண்கல வேலையும் கேக்கலாம், ஏன்னா ஆளு அடிப்படையில தங்க வேலை கத்தவரு.

அந்த ஊரு கதீட்ரல் குவிமாடத்து உச்சில ஒரு பெரிய செம்பு உருண்டை வச்சாங்கல்ல, அதுவும் வெரோக்கியோ ஆர்டர்தான், 1471ல மேல ஏத்துனாங்க. அப்ப லியோனார்டோவுக்கு 19 வயசு. அந்தக் குவிமாடம் கட்டுன புருனெல்லெஸ்கியோட பாரந்தூக்கி மெஷின்களை எல்லாம் பின்னால நோட்டுல வரைஞ்சு வச்சிருக்காரு. ஏறக்குறைய 40 வருஷம் கழிச்சும் "அந்த உருண்டையோட தகடுகளைப் பத்தவச்சு இணைச்ச விதத்தை ஞாபகம் வச்சுக்கோ"ங்கற மாதிரி தனக்குத்தானே குறிச்சுக்கிறாரு. ஓவியர் எப்படி இஞ்சினியர் ஆனாருன்னு உன் கட்டுரையில ஒரு பத்தி ஆச்சரியப்பட்டிருக்க, கடையோட பேரை ஒழுங்கா போட்டா அந்த பத்தியே தேவைப்படாது.

லியோனார்டோ அந்தக் கடையில போய்ச் சேந்ததுக்கே ஒரு காரணம் இருக்கு. அப்பா நோட்டரி (பத்திரம் எழுதிக் கொடுக்கறவரு), பையன் கல்யாணத்துக்கு வெளிய பொறந்தவன், நோட்டரி சங்கத்துல அப்படிப்பட்ட பிள்ளைங்களைச் சேக்க மாட்டாங்க, அதனால லத்தீன் படிப்பும் ஒழுங்கா கிடைக்கலை, தன்னையே ஏட்டுப் படிப்பு இல்லாதவன்னு எழுதிக்கிறாரு. அந்த ஊர்ல எந்தத் தொழிலுக்கும் சங்கம்தான். ஓவியருங்க வைத்தியரும் மருந்துக் கடைக்காரரும் இருந்த சங்கத்துல (நிறப்பொடி மருந்துக் கடையிலதானே கிடைக்கும்), தங்க வேலைக்காரங்க பட்டு வியாபாரிங்க சங்கத்துல. புருனெல்லெஸ்கி அவ்ளோ பெரிய ஆளு, கல் மர வேலைக்காரங்க சங்கத்துக்குச் சந்தா கட்டலைன்னு 1434ல உள்ள தள்ளிட்டாங்க.

நான் சொல்றது வெறும் "பட்டறை".

> பட்டறைன்னா இப்ப எல்லாருக்கும் ரெண்டு நாள் பயிற்சிப் பட்டறை, ஃபோல்டர், டீ பிஸ்கட்தான் ஞாபகம் வரும். குழப்பும். "ஓவியப் பட்டறை"ன்னாவது முன்னால ஒண்ணு சேருங்க.

அக்கா, அந்தக் குழப்பம் நம்மளே பண்ணிக்கிட்டது, அதுக்குத்தான் பயிலரங்கம்னு தனியா சொல்லு இருக்கே, அதை அங்க அனுப்பிருவோம். ஓவியப் பட்டறைன்னா செம்பு உருண்டையை எங்க வைக்கிறது? நகைப் பட்டறைன்னு இன்னைக்கும் கோயம்புத்தூர்ல சொல்றாங்க, ஆசாரி ஒருத்தர், சுத்தி நாலு பேரு, ஒருத்தன் ஊதுவான், ஒருத்தன் ராவுவான், சின்னப் பையன் டீ வாங்கிட்டு வருவான், அப்படியே பாத்துப் பாத்து தொழிலும் பழகிருவான். வெரோக்கியோ இடமும் இதே கதைதான். கிறிஸ்துவோட ஞானஸ்நானம் படத்துல ஓரத்துல இருக்கற தேவதை லியோனார்டோ போட்டது, மத்தது மாஸ்டரும் மத்தவங்களும், ஆனா படம் வெளிய போறது கடை பேர்ல.

இன்னொரு விஷயம், இதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. பொத்தேகாவோட வேர் கிரேக்கத்துல ஒரு சொல்லு, அர்த்தம் சரக்குச் சேத்து வைக்கிற கிடங்கு. மருந்துக் கடைக்காரனுக்கு ஐரோப்பால இருக்கற பேரும் அதே வேர்ல வந்ததுதான். நம்ம பட்டறை மட்டும் என்ன? எங்க பக்கம் சின்ன வெங்காயம் எடுத்ததும் காட்டுலயே படல் கட்டி, மேல ஓலை மூடி மாசக்கணக்கா வச்சிருப்பாங்க, அதுக்குப் பேரு வெங்காயப் பட்டறை. கிடங்கும் அதே சொல்லு, கொல்லன் இடமும் அதே சொல்லு. ரெண்டு மொழியும் தனித்தனியா ஒரே எடத்துக்கு வந்து நிக்குது, இதுக்கு மேல வேற சொல்லு தேடணுமா?

> சரிண்ணா, பட்டறையே போட்டுர்றேன். அங்க வேலை பாத்த பசங்களுக்கு "மாணாக்கர்"னு போட்டிருக்கேன், மாத்தணுமா?

மாத்திரு, பட்டறைப் பையன். தரை கூட்டுறது, நிறம் அரைக்கிறதுலேர்ந்து ஆரம்பிச்சவங்களை மாணாக்கர்னா சிரிப்பு வருது. அப்புறம் 1482 வாக்குல மிலானை ஆண்ட லுதோவிகோவுக்கு லியோனார்டோ வேலை கேட்டு எழுதுன லெட்டரை "மேதையின் பிரகடனம்"னு எழுதியிருக்க. பாலம் போடுவேன், பீரங்கி செய்வேன், கோட்டையை உடைப்பேன்னு வரிசையா போட்டுட்டு கடைசியா சிலையும் படமும் செய்வேன்னு வருது, படிச்சா எனக்கு கொட்டேஷன் மாதிரிதான் இருக்கு. அந்தத் தலைப்பையும் பாத்துக்கோ. எழுத்து பொத்தேகாவே இருக்கட்டும், பொட்டேகா வேண்டாம், இத்தாலிக்காரங்களுக்கு அங்க நாக்கு பல்லுல படும்.